ஊர்வனவற்றின் கூண்டுகளுக்கு உகந்த அகச்சிவப்பு உஷ்ணமானி

பாம்பு, ஓணான், ஆமை முதலிய ஊர்வன தமக்கு வேண்டிய உடற்சூட்டைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே பெறுகின்றன. காட்டில் வாழும் உடும்பு காலையில் பாறைமீது கிடந்து வெயில் காய்ந்து, உடல் சூடேறிய பின்னரே இரை தேடப் புறப்படுகிறது. வெயில் கடுமையானால் வளைக்குள் ஒதுங்கிக்கொள்கிறது. கூண்டிலுள்ள பிராணிக்கு இச்சுதந்திரம் இல்லை. கூண்டின் ஒரு கோடியில் விளக்கோ வெப்பத் தகடோ அமைத்து, மறு கோடியைக் குளிர்ச்சியாக விட்டு, இரண்டிற்கும் இடையே அது விரும்பியவாறு நகர வழி செய்தல் வேண்டும். சூடு போதாவிடில் உண்ட இரை செரிப்பதில்லை. சுவாச நோய்களும் பற்றுகின்றன. சூடு மிகுந்தால் வயிற்றுப்புறத் தோல் வெந்துவிடுகிறது. மேலே காற்று குளிர்ந்தும் கீழே கல் சுட்டும் இருக்கையில், பாம்பு அக்கல்லை விட்டு விலகாமலே படுத்துக் கிடப்பதுண்டு. காயம் வெளியே தெரியும்போது காலம் கடந்துவிட்டிருக்கும்.

நம் நாட்டுப் பாம்புகளையும் உடும்பையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வளர்த்தல் 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்கு விரோதமாகும். பால் பைத்தான் என வழங்கும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு, அமெரிக்கப் பச்சை இகுவானா போன்ற அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போர், 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் 2024 ஆம் ஆண்டு விதிகளையும் அனுசரித்து அவற்றைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கடத்தலில் பிடிபட்ட பிராணிகளோ வன இலாகாவின் பாதுகாப்பில் கூண்டுகளில் வைக்கப்படுகின்றன. ஜனவரி மாதத்து இரவுகளில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் தில்லி, லக்னோ போன்ற இடங்களில், இவற்றிற்குச் செயற்கை வெப்பம் அளித்தே தீரவேண்டும். அவ்வெப்பத்தைச் சரிபார்க்க இன்று பலரும் நாடுவது அகச்சிவப்பு உஷ்ணமானியாகும்.

எல்லாப் பொருள்களும் தத்தம் சூட்டிற்கேற்பக் கண்ணுக்குப் புலனாகாத கதிர்களை வீசிக்கொண்டிருக்கின்றன. சூரிய நிறமாலையில் சிவப்பு நிறத்திற்கு அப்பால் இத்தகைய கதிர்கள் உண்டு என்பதை 1800 ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் சாதாரண உஷ்ணமானிகளைக் கொண்டே கண்டறிந்தார். தற்காலக் கருவி, 8 முதல் 14 மைக்ரான் வரை அலைநீளமுள்ள கதிர்களை ஒரு வில்லையால் குவித்து, அவற்றின் வலிமையிலிருந்து பொருளின் உஷ்ணத்தைக் கணித்துக் காட்டுகிறது. பொருளைத் தொட வேண்டியதில்லை. ஓரிரு விநாடியில் விடை கிடைக்கிறது. ஆனால் அது காட்டுவது மேற்பரப்பின் உஷ்ணம் மட்டுமே. காற்றின் உஷ்ணத்தை அது அளப்பதில்லை என்பதை நினைவில் இருத்துக.

2020 ஆம் ஆண்டுக் கொரோனாத் தொற்றின்போது வாங்கப்பட்ட நெற்றி உஷ்ணமானிகள் அநேக பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் அலமாரியில் கிடக்கின்றன. அவற்றையே கூண்டிற்கும் பயன்படுத்தலாமே என்று எண்ணுவது இயல்பு; ஆயினும் அது தவறு. அவை சுமார் 32 முதல் 43 டிகிரி வரை மட்டுமே காட்டுவன. 26 டிகிரியில் இருக்க வேண்டிய குளிர்ந்த கோடியை நோக்கிப் பிடித்தால் எண்ணே தோன்றாது. இதனினும் மோசமானது, நெற்றித் தோலின் உஷ்ணத்திலிருந்து உள்ளுடலின் உஷ்ணத்தை ஊகித்து, திருத்தம் சேர்த்த எண்ணையே அவை காட்டுகின்றன என்பது. மனிதனுக்குச் செய்த திருத்தம் கல்லிற்குப் பொருந்துமா? பொருள்களின் பரப்பை அளக்கும் தனி நிலை சில கருவிகளில் உண்டெனினும், அவை நெற்றிக்கு ஓரிரு அங்குலத் தொலைவில் பிடிப்பதற்கென்றே அமைந்தவை.

புதிய கருவி வாங்குவோர் முதலாவதாகக் கவனிக்க வேண்டியது, தூரத்திற்கும் அளவிடப்படும் வட்டத்திற்கும் உள்ள விகிதம். 12க்கு 1 எனக் குறித்த கருவியை 60 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால், 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் சராசரி உஷ்ணத்தை அது காட்டும். 6க்கு 1 எனில் வட்டம் 10 சென்டிமீட்டராகிவிடும். இதன் விளைவைப் பின்வரும் உதாரணம் விளக்கும். 8 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டக்கல் 50 டிகிரிக்குச் சூடேறியிருக்கிறது. அதைச் சூழ்ந்த தரை 28 டிகிரியில் உள்ளது. 6க்கு 1 விகிதமுள்ள கருவியை 96 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பிடித்தால், அது காணும் வட்டத்தின் விட்டம் 16 சென்டிமீட்டர். அவ்வட்டத்தில் கல் நாலில் ஒரு பங்கே. ஆகவே கருவி 34 டிகிரிக்கு அருகிலேயே காட்டும். பால் பைத்தானின் வெப்பக் கோடிக்கு 31 முதல் 33 டிகிரி போதுமாதலால், பார்ப்பவர் ஏறக்குறைய சரியாகவே இருக்கிறதென்று திருப்தியடைவார். பாம்போ 50 டிகிரிக் கல்லின்மேல் கிடக்கும். கரும்பலகையில் வட்டங்களை வரைந்து மாணவர்களைக் கொண்டே ஆசிரியர் இக்கணக்கைச் செய்விக்கலாம்.

கருவி வீசும் சிவப்பு லேசர்ப் புள்ளி, குறி பார்ப்பதற்கு மட்டுமே உதவுவது. அப்புள்ளியின் அளவே அளக்கப்படும் இடத்தின் அளவு என்று கருதலாகாது. மனிதர் கண்ணிலும் பிராணியின் கண்ணிலும் அது படாமல் காத்தல் அவசியம்.

இரண்டாவது, பரப்பின் கதிர்வீசு திறன். தோல், மரம், செங்கல், மண், நீர் ஆகியவை தம் உஷ்ணத்திற்குரிய கதிர்களை ஏறத்தாழ முழுமையாக வீசுவதால், 0.95 என நிலைநிறுத்தப்பட்ட கருவி இவற்றிற்கு நன்கு பொருந்துகிறது. மெருகேற்றிய அலுமினியத் தகடோ சொற்பமாகவே வீசுகிறது. சுற்றுப்புறத்துக் கதிர்களைக் கண்ணாடிபோல் திருப்பியனுப்புகிறது. 50 டிகிரியிலுள்ள தகட்டையும் அறையின் உஷ்ணத்தைவிடச் சற்றே கூடுதலாகக் கருவி காட்டிவிடும். தகட்டின்மீது கறுப்பு மின் ஒட்டுநாடாவை ஒரு துண்டு ஒட்டி, நாடா தகட்டின் சூட்டை அடைந்தபின் அதன்மேல் அளந்தால் குறை தீரும். ஆகையால் இத்திறனை மாற்றி அமைக்கும் வசதிக்கென்று அதிக விலை கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. கூண்டின் கண்ணாடிக் கதவு வழியாக அளக்கலாகாது. கண்ணாடி இந்த அலைநீளக் கதிர்களை உட்புக விடாதாதலால், கிடைப்பது கண்ணாடியின் உஷ்ணமே. கதவைத் திறந்து அளத்தலே முறை.

உஷ்ண எல்லை பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 0 முதல் 100 டிகிரி வரை அளந்தால் போதும். உலைக்களத்திற்கு ஏற்ற 550 டிகிரிக் கருவி இங்கே வீண் செலவு. துல்லியமோ வேறு விஷயம். முகப்பில் தசமப் புள்ளியோடு எண் தோன்றுவதால் மட்டும் கருவி துல்லியமானதாகிவிடாது. மலிவான கருவிகள் பலவற்றின் பிழை 2 டிகிரி வரை இருக்கலாம் என அவற்றின் குறிப்பேட்டிலேயே கண்டிருக்கும். அதை வாசிப்போர் சிலரே. 1 அல்லது 1.5 டிகிரிக்கு மேற்படாத பிழையுள்ளதைத் தேர்ந்தெடுத்தல் நலம்.

கருவியைச் சோதிக்க எளிய வழியுண்டு. வாயகன்ற பாத்திரம் நிறையப் பனிக்கட்டித் தூளிட்டு, இடைவெளிகள் நிரம்பும் அளவிற்கு நீர் ஊற்றி, நன்கு கலக்கிச் சில நிமிஷம் கழித்து மீண்டும் கலக்கி, மேற்பரப்பை மிக அருகிலிருந்து செங்குத்தாக அளக்க வேண்டும். 0 டிகிரியினின்று குறிப்பேட்டில் கண்ட பிழைக்கு மேல் விலகினால் அக்கருவியை நம்பலாகாது. குளிரூட்டிய அறையிலிருந்து வெப்பமான கொட்டகைக்குக் கொண்டுசென்ற கருவியை உடனே உபயோகித்தலும் பிழைக்கு இடமாகும்; அரை மணி நேரமாவது அங்கேயே வைத்திருந்து பிறகு அளக்க வேண்டும். இலாகாக்களின் நிலையான பயன்பாட்டிற்கு வாங்குவோர், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அளவீட்டுச் சான்றிதழ் கேட்டுப் பெறலாம். நாட்டின் உஷ்ண அளவீட்டு நியமங்களைப் பேணிவருவது புது தில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வகமாகும்.

எவ்வளவு நல்ல கருவியாயினும், ஒருவர் கையிலெடுத்து அழுத்தும் கணத்து நிலையையே அது கூறும். இரவு இரண்டு மணிக்கு விளக்கு அணைந்ததை அது அறிவிக்காது. எனவே வெப்பத்தைத் தானாகவே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும், இரவின் உச்ச, நீச உஷ்ணங்களைப் பதிவு செய்யும் சாதாரண உஷ்ணமானியும் கூண்டினுள் தனியே இருத்தல் வேண்டும். அகச்சிவப்புக் கருவியைக்கொண்டு நாள்தோறும் காலையிலும் மாலையிலும், பிராணி படுக்கும் கல், நடுத்தரை, குளிர்ந்த கோடி ஆகிய மூன்று இடங்களையும் ஒரே தூரத்திலிருந்து அளந்து குறிப்புப் புத்தகத்தில் எழுதி வருக. விளக்கை மாற்றிய நாளில் ஒரு மணி நேரத்திற்கொருமுறை அளத்தல் வேண்டும்.