முதலாண்டு: கேட்கப் பழகும் காலம்

கல்லூரி வாழ்வைச் சோலை என்பார் சிலர். கடல் என்பார் வேறு சிலர். ஓராண்டைக் கடந்து இரண்டாம் ஆண்டில் நிற்கும் எனக்கு அது ஒரு புதிய ஊராகவே தோன்றுகிறது. நல்ல ஊர்தான், ஆனால் வழி தெரிய வேண்டும், தெரியாவிடில் கேட்க வேண்டும். இவ்வாண்டு நம் கல்லூரியில் அடியெடுத்து வைத்திருக்கும் தம்பி தங்கையர்க்கு அவ்வழியைச் சிறிது விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் தந்தையார் கல் கிரஷரில் வேலை செய்கிறார். தாயார் மணிலாக் கொல்லைக்கும் சவுக்குத் தோப்புக்கும் கூலிக்குச் செல்பவர். எங்கள் குடும்பத்தில் பட்டப் படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். வானூர் வட்டத்தில் இது அரிய செய்தியன்று. நம் வகுப்புகளில் பலரும் இப்படித்தான். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் 1960களின் இறுதியிலேயே அரசு கலைக் கல்லூரிகள் தோன்றிவிட்டன. ஆயினும் நாள்தோறும் அவ்வளவு தூரம் சென்றுவர இயலாத குடும்பங்கள் இங்கு ஏராளம். ஆகவே, 'கல்லூரியில் என்ன நடக்கும்?' என்று கேட்டால் பதில் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. நமது இடர்ப்பாட்டின் வேர் இதுவே, அறிவுக் குறைவன்று.

முதலில் தேர்வு முறையை அறிந்துகொள்வோம். பள்ளியில் ஆண்டு முடிவில் ஒரு பெருந்தேர்வு. இங்கோ மூன்றாண்டுப் படிப்பு ஆறு பருவங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பகுதி ஒன்று தமிழ். பகுதி இரண்டு ஆங்கிலம். பகுதி மூன்றில் முதன்மைப் பாடமும் துணைப் பாடமும் அடங்கும். எழுத்துத் தாள் ஒன்றின் 100 மதிப்பெண்ணில் 25 அக மதிப்பீட்டுக்கு உரியது. 75 பல்கலைக்கழகத் தேர்வுக்கு உரியது. அந்த 25 மதிப்பெண் நாம் எழுதும் உள்தேர்வு, ஒப்படைப்பு ஆகியவற்றால் சிறுகச் சிறுகச் சேர்வது. கடைசி வாரத்தில் கண்விழித்துப் படித்தால் அது கிடைத்துவிடாது. வருகைப் பதிவும் 75 விழுக்காடு வேண்டும். குறைந்தால் தேர்வெழுதுவதே சிக்கலாகிவிடும்.

அடுத்து 'அரியர்' என்னும் சொல். எங்கள் தெருவைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் வேறொரு கல்லூரியில் சேர்ந்தார். முதல் பருவத்தில் இரண்டு தாள்களில் தேறவில்லை. வீட்டார் அதனைப் பள்ளித் தோல்வி போலவே எண்ணிவிட்டனர். 'ஓராண்டு போயிற்று, இனி எதற்குப் படிப்பு?' என்று சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலைக்கு அனுப்பினர். உண்மையில் அவர் அடுத்த பருவத்து வகுப்புக்குச் சென்றுகொண்டே அவ்விரு தாள்களையும் பின்வரும் தேர்வில் எழுதியிருக்கலாம். இதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆள் கிடைத்தபோது ஈராண்டுகள் கழிந்திருந்தன. ஒரு சொல்லின் பொருள் தெரியாததால் ஒரு பட்டம் கைநழுவியது. அரியர் என்பது பாக்கி. பாக்கியைத் தீர்க்கலாம், அதற்காகக் கடையையே மூட வேண்டியதில்லை.

மூன்றாவது, மொழி. தமிழ் வழியில் படித்து வந்தோர்க்கு முதல் மாதம் ஆங்கிலச் சொற்கள் மலைப்பைத் தரும். 'மொமண்ட் ஆஃப் இனர்ஷியா' என்று பேராசிரியர் கூறியதும் நெஞ்சு படபடக்கும். அது பதினோராம் வகுப்பில் நாம் படித்த நிலைமத் திருப்புத்திறனேயன்றி வேறில்லை. ஒரே எடையுள்ள இரு சக்கரங்களில், எடை விளிம்பில் மிகுந்திருக்கும் சக்கரத்தைச் சுழற்றுவது கடினம் என்பதே அதன் சாரம். பெயர்தான் புதிது, பொருள் பழையது. நம் வட்டத்துத் திருவக்கரையில் 1940ஆம் ஆண்டு முதல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை காத்துவரும் கல்மரங்கள் சுமார் இரண்டு கோடி ஆண்டுப் பழமையானவை. அயலூரார் 'ஃபாசில்' என்று நூலில் படிப்பதை நாம் 'கல்மரம்' என்று சிறுவயதிலேயே தொட்டுப் பார்த்திருக்கிறோம்!

எனவே மேல்நிலைப் பள்ளிப் பாடநூல்களைப் பழைய புத்தகக் கடையில் போட்டுவிடாதீர்கள். ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லும் வலப்பக்கம் தமிழ்ச் சொல்லுமாக எழுதி வாருங்கள். நாள் ஒன்றுக்கு ஐந்து சொல் போதும். தமிழில் கல்லூரிப் பாடம் நடத்துவதும் இன்று நேற்று வந்ததன்று. கோவை அரசு கலைக் கல்லூரியில் 1960லேயே அது தொடங்கப்பட்டது. பின்னர்த் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வெளியிட்ட கல்லூரி நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். கைப்பேசி வேறு எதற்கெல்லாமோ பயன்படும்போது இதற்கும் பயன்படட்டுமே!

நான்காவது, பணம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. எங்கள் வீட்டில் அந்த ஆயிரம் ரூபாய் எனது ரெக்கார்டு நோட்டுக்கும் துணைப்பாட நூலுக்கும் ஆயிற்று. 'படிக்கிற பெண்ணுக்குச் செலவுதான்' என்று பேசியவர்கள் பேச்சை நிறுத்தினர். ஆனால் வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு முதலியவற்றில் சிறு பிழை இருந்தாலும் உதவித்தொகை தடைப்படும். கல்லூரி அலுவலகத்தில் தயங்காமல் கேளுங்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

இவ்வனைத்திலும் நான் கண்ட உண்மை ஒன்றே. பள்ளியில் ஆசிரியர் நம்மைத் தேடி வந்து சொன்னார். கல்லூரியில் நாம் தேடிச் சென்று கேட்க வேண்டும். வகுப்பு முடிந்து வெளியேறும் பேராசிரியரிடம் 'ஐயா, இது விளங்கவில்லை' என்று கூறுவதற்கு முதல் முறை நா எழாது. இரண்டாம் முறை எழும். மூன்றாம் முறை அவரே, 'என்னம்மா, இன்று ஐயம் ஏதுமில்லையா?' என்று கேட்பார்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு பணிவான விண்ணப்பம். பருவத்தின் முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, தேர்வு முறையையும் அரியரையும் உதவித்தொகையையும் தமிழில் விளக்குங்கள். இயலுமாயின் பெற்றோரையும் அழையுங்கள். அந்த ஒரு மணி நேரம் சிலரது மூன்றாண்டுகளைக் காக்கும். இரண்டாமாண்டு நண்பர்களே, திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் பேருந்துக்குக் காத்து நிற்கும் புதுமுகங்களிடம் நாமே முதலில் பேச்சுக் கொடுப்போம். நமக்குச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை; அவர்களுக்கு நாம் இருக்கிறோம்.