மண்ணுக்கடியில் ஒரு மாபெரும் பணி

ஒரு நகரின் பெருமையைக் கூற வருவோர் அதன் கோபுரங்களையும் மாளிகைகளையும் பாலங்களையுமே எடுத்துரைப்பர். கழிவுநீர்க் கால்வாயைப் பாடிய புலவர் எவரையும் நான் அறியேன். ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டன் மாநகரைக் காத்தவற்றுள் அக்கால்வாய்களுக்கு முதலிடம் தரவேண்டும் என்பதும், அப்பெருமையிற் பெரும்பங்கு ஒரு பொறியியலாளர் கந்தோருக்கு உரியது என்பதும் எனது துணிபு.

1858ஆம் ஆண்டுக் கோடையிலே தேம்ஸ் நதி பொறுக்கவொண்ணாதபடி நாறிற்று. நகரின் கழிவெல்லாம் அந்நதியிற் கலந்தன; அதன் நீரையே மக்களிற் பலர் நெடுங்காலம் பருகியும் வந்தனர். 1832 முதல் கொலறா நோய் மீண்டும் மீண்டும் வந்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. ஏழைகளின் சாவுக்கு அசையாத பாராளுமன்றம், துர்நாற்றம் தன் சாளரங்களினூடே புகுந்தபோது அசைந்தது. மாநகரப் பணிச்சபையின் தலைமைப் பொறியியலாளர் ஜோசப் பஸல்ஜெற் 1856இலேயே வகுத்தளித்து, தடைப்பட்டுக் கிடந்த திட்டத்துக்கு வழி பிறந்தது.

திட்டத்தின் கருத்து எளியது. நதியை நோக்கி ஓடும் பழைய கால்வாய்களைக் குறுக்கே மறித்து, அவற்றின் நீரை நதிக்கு இணையாகக் கிழக்கே கொண்டுசெல்லுதல். இதற்கென 82 மைல் நீளமான செங்கற் பெருங்கால்வாய்கள் கட்டப்பட்டன. நிலத்தின் சரிவே நீரை இயக்கியது. தாழ்ந்த இடங்களில் நீராவி இயந்திரங்கள் அதை மேலேற்றின. நீர் குறைந்த வேளையிலும் ஓட்டம் தளராதிருக்க, பல கால்வாய்களுக்கு அடி குறுகிய முட்டை வடிவம் தரப்பட்டது.

கந்தோர் என்றதும் தூசி படிந்த கோவைகளும் தாமதமுமே நம் நினைவுக்கு வரும். இந்தக் கந்தோரோ மட்டம் பார்த்தது, படம் வரைந்தது, செலவைக் கணித்தது, கொந்தராத்துக்காரரின் வேலையைக் கண்காணித்தது. போட்லண்ட் சீமெந்து அந்நாளில் இத்தகைய பெருவேலைக்குப் புதியது. நன்கு சுடப்படாத சீமெந்து சுவரையே கெடுத்துவிடும். ஆகவே, அதன் மாதிரிகளை இழுத்துப் பார்த்து வலிமையை அளந்த பின்னரே பயன்படுத்தினர். ஒரு நகரத்தின் உயிர் அந்தச் சிறு சோதனையிலும் தங்கியிருந்தது.

1866இல் கொலறா மீண்டும் வந்தது. கால்வாய் வேலை முற்றுப்பெறாதிருந்த கிழக்கு இலண்டனில், குடிநீரும் மாசுற்றமையால் 5,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். நகரின் ஏனைய பகுதிகள் பெரும்பாலும் தப்பின. இதிலொரு விந்தையுண்டு. கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்பது அக்காலத்தவர் பலரின் நம்பிக்கை. நாற்றத்தைப் போக்க முனைந்தவர்கள் நீரைத் தூய்மையாக்கினார்கள். கொள்கை பிழைத்தது, வேலை பிழைக்கவில்லை.

குறையும் இல்லாமலில்லை. நகரின் நடுவிலிருந்து அகன்ற கழிவு, சுத்திகரிக்கப்படாமலே கீழ்நதியில் விடப்பட்டது. கழிவின் திண்மத்தைப் பிரித்துக் கப்பலேற்றும் ஏற்பாடு 1887இலேதான் தொடங்கிற்று. பெருகிய நகரின் சுமையைப் பழைய கால்வாய்கள் மட்டும் தாங்கவியலாமையால், 25 கிலோமீற்றர் நீளமான புதிய சுரங்கம் ஒன்று 2025இல் முழுமையாக இணைக்கப்பட்டது. ஆயினும் பழையவை இன்றும் பணிபுரிகின்றன.

பொதுப்பணியின் சிறப்பைத் திறப்பு விழாவின் ஆரவாரத்தைக் கொண்டு அளப்பது நம் வழக்கமாகிவிட்டது. எவரும் காணாத சுவருக்குள் வைக்கப்படும் சீமெந்தையும் சோதித்துப் பார்க்கும் மனச்சான்றே அதற்குச் சரியான அளவுகோல் என்பேன்.