விடையை மூடி வையுங்கள்

குழந்தைக்குப் படக்கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதுமா? படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடிவைத்து விடுகிறது என்பது பல பெற்றோரின் குறை. கதையைக் குழந்தையோடு எப்படிப் படிப்பது என்பதற்கு அம்புலிமாமாவின் வேதாளக் கதைகளே நல்ல வழிகாட்டி.

நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கிய சிறுவர் இதழ் அது. 2013-இல் நின்றுபோனது. ஆனாலும் ஓவியர் சங்கர் (1924-2020) வரைந்த விக்கிரமாதித்தன் படம் இன்றும் பலர் நினைவில் நிற்கிறது. கையில் வாள், தோளில் பிணம், சுற்றிலும் பயங்கரமான சுடுகாடு. அரசனோ தளராமல் நடக்கிறான். பயத்தைச் சுமந்துகொண்டே நடக்கலாம் என்பதைக் குழந்தைக்கு அந்த ஒரு படமே சொல்லிவிடுகிறது.

பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் வழியில் ஒரு கதை சொல்லும். முடிவில் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் அரசனின் தலை வெடித்துவிடும். வாய் திறந்தாலோ மௌனம் கலைந்து, வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும்.

காஷ்மீரக் கவி சோமதேவர் 11-ஆம் நூற்றாண்டில் தொகுத்த கதாசரித்சாகரத்தில் இத்தகைய 25 கதைகள் உள்ளன. அம்புலிமாமா வேறு பல கதைகளையும் இதே அமைப்பில் பல ஆண்டுகள் வெளியிட்டது.

பழைய கதை ஒன்றைப் பார்ப்போம். ஒரு பெண்ணை மணக்க மூவர் விரும்பினர். அவள் இறந்துவிட்டாள். ஒருவன் சுடுகாட்டிலேயே அவள் சாம்பல்மீது படுத்துக் கிடந்தான். மற்றொருவன் எலும்புகளைக் கங்கைக்குக் கொண்டுபோனான். மூன்றாமவன் ஊர் ஊராக அலைந்து, உயிர்ப்பிக்கும் மந்திரத்தோடு திரும்பினான். அவள் எழுந்துவிட்டாள். இனி அவள் யாருக்கு மனைவி?

இந்த இடத்தில்தான் பெற்றோர் நிறுத்த வேண்டும். விடை உள்ள பகுதியைக் கையால் மறைத்துவிட்டு, "நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்க வேண்டும். "உயிர் கொடுத்தவனுக்குத்தான்" என்று குழந்தை சொல்லலாம். ஏன் என்று கேட்டால் காரணமும் சொல்லும். வீட்டில் தமிழ்ப் பேச்சு குறைந்துவரும் குடும்பங்களில், "ஆமாம்", "இல்லை" என்பதோடு நிற்கும் பிள்ளை நாலு வாக்கியம் தமிழில் பேச இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? இடையில் உச்சரிப்பைத் திருத்தி அதன் வேகத்தைக் கெடுக்காமல் இருப்பது நல்லது.

பிறகு அரசனின் விடையைப் படிக்கலாம். உயிர் தந்தவன் தந்தை போன்றவன். எலும்பைக் கங்கையில் சேர்த்தவன் மகன் கடமையைச் செய்தவன். பிரியாமல் கிடந்தவனே கணவன் என்கிறான் அவன். "அந்தப் பெண்ணை யாரும் கேட்கவே இல்லையே!" என்று குழந்தை மறுத்தால் கோபப்பட வேண்டாம். அரசனுக்கே தோன்றாததைப் பிள்ளை யோசித்திருக்கிறது.

வேதாளம் மரம் ஏறட்டும். மறுநாள் இரவு இன்னொரு கதைக்கு அதுதானே வழி!