சருகு கலர் சட்டை!

மேனேஜர் ரவுண்டு வரும்போது ஃபைலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு, 'நான் இங்கே இல்லவே இல்லை' என்று உட்கார்ந்திருப்பவரா நீங்கள்? கை கொடுங்கள் சார்! நமக்கெல்லாம் ஒரு குரு இருக்கிறார். பெயர், கண்ணாடி விரியன்.

ஊருக்குப் போயிருந்தேன். பொழுது சாய்கிற நேரம். கடலைக் கொல்லை வரப்பில் நான் முன்னே, சித்தப்பா பின்னே. திடீரென்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நில்லுடா! கீழே பாரு."

பார்த்தேன். சருகு. மறுபடியும் பார்த்தேன். சருகேதான். அவர் கம்பால் தரையைத் தட்டியதும் குக்கர் விசில் மாதிரி ஒரு சீறல்! சருகில் பாதி, பாம்பாகிவிட்டது. என் அடுத்த எட்டு அதன் மேல்தான் விழுந்திருக்கும்.

"நாம வர்றது தெரிஞ்சும் ஏன் சித்தப்பா ஓடலை?"

"எதுக்கு ஓடணும்? நம்ம கண்ணுல படமாட்டோம்னு அதுக்கு நம்பிக்கை."

விஷயமே அதுதான். சாரை விருட்டென்று ஓடித் தப்பிக்கும். விரியனுக்குத் தடித்த உடம்பு. பழுப்புத் தோலில் சங்கிலி மாதிரி கருந்திட்டுகள். எது உடம்பு, எது நிழல் என்றே பிடிபடாது. அப்படியே கிடந்தால் எலி தானாக வரும். பி.காம். படித்தவன் சொல்கிறேன், செலவில்லாத வரவு!

பச்சைப் பாம்பு இன்னும் கில்லாடி. காற்றில் கொடி ஆடினால் தானும் ஆடும். கண்ணைக் கொத்தும் என்பது வீண்பழி. அதன் சாப்பாடு ஓணானும் தவளையும்தான். வெள்ளிக்கோல் வரையனுக்கு விஷமே கிடையாது. ஆனால் கட்டுவிரியன் மாதிரி பட்டை போட்டுக்கொண்டு, ரவுடியின் தம்பி போலத் திரியும். எதிரிகள் மிரளலாம். நாமோ கட்டுவிரியன் என்றே நினைத்து அடித்துவிடுகிறோம், பாவம்!

சிரிப்பு இதோடு போதும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வருஷத்துக்குச் சராசரியாக 58,000. இதில் கண்ணாடி விரியனின் பங்கு பெரிது. அது துரத்தி வந்து கடிப்பதில்லை. தெரியாமல் மிதிக்கிறோம், கடிக்கிறது. கடிபட்டால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் நேரே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது.

அன்று ராத்திரி கொல்லைப்பக்கம் கிளம்பினேன். சித்தப்பா ஒரு டார்ச்சை என் கையில் திணித்தார்.

"அதுக்குச் சட்டை இருக்குடா. உனக்கு இதுதான்!"