கொம்புமுறியும் மனிதக் கோபுரமும்: கட்சி பிரிந்து ஆடும் இரு மரபுகள்

ஸ்பெயின் நாட்டு விளையாட்டுக்கள் என்றதும் நம்மவர் நினைவில் முதலில் எழுவது உதைபந்தாட்டம். அடுத்து எழுவது காளைப்போர். இவ்விரண்டின் நிழலில் மறைந்து கிடப்பவை அந்நாட்டின் ஊர்ப்புற விளையாட்டுக்கள். வடக்கே பாஸ்க் மக்களிடையே கல் தூக்கல், மரந்தறித்தல், கயிறிழுப்பு, சுவரிற் பந்தை அறைந்தாடும் பெலோட்டா ஆகியன உள்ளன. கிழக்கே கற்றலோனியாவில் மனிதர்மேல் மனிதர் ஏறிக் கோபுரம் அமைக்கும் வழக்கம் உண்டு. இவற்றைப் பற்றிக் கற்கும் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்து மாணவருக்குக் கண்ணகை அம்மன் வழிபாட்டோடு பிணைந்திருந்த கொம்புமுறி விளையாட்டு நினைவில் வராமற் போகாது. ஓர் ஊர் தன்னைத்தானே இரு கட்சிகளாக வகுத்துக்கொண்டு, வரையறுத்த காலத்திற்கு மட்டும் பகை பாராட்டும் வழக்கம் இரு நிலங்களிலும் இருந்தது. அங்கே அது பல்கிப் பெருகியது, இங்கே அருகிப்போயிற்று. இவ்வேறுபாட்டுக்கான காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வடக்கே சாய்ந்தமருதும் தெற்கே நிந்தவூரும் எல்லைகளாக அமைய, இரு முஸ்லிம் ஊர்களுக்கிடையே அமைந்த தமிழூர் காரைதீவு. 1892 இல் விபுலாநந்த அடிகள் பிறந்த இவ்வூரின் நடுநாயகமாக விளங்குவது கண்ணகை அம்மன் கோயில். வைகாசியில் இங்கு நிகழும் சடங்கும் குளிர்த்தியும் இக்கரையோரக் கண்ணகை வழிபாட்டின் பொது இயல்பைக் காட்டுவன. மதுரையை எரித்தவளின் வெம்மை தணிந்தால் ஊரில் மழை பொழியும், அம்மை நோய் விலகும் என்பது இவ்வழிபாட்டின் அடிப்படை நம்பிக்கை. கொம்புமுறியும் இந்நம்பிக்கையின் வழிவந்ததே.

விளையாட்டுக்குக் கூறப்படும் கதை எளியது. கோவலனும் கண்ணகியும் பூப்பறிக்கச் சென்றபோது, இருவர் கையிலிருந்த கொக்கித் தடிகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. இழுத்தபோது ஒன்று முறிந்தது, வென்றவள் கண்ணகி. இக்கதை சிலப்பதிகாரத்தில் இல்லை. இளங்கோவடிகளின் கண்ணகி கணவனோடு போட்டியிடுபவள் அல்லள். ஊர் மக்கள் தமக்கென வேறொரு கண்ணகியை, விளையாடவும் வெல்லவும் தெரிந்த கண்ணகியை, ஆக்கிக்கொண்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இக்கதைக்கேற்ப ஊர் வடசேரி, தென்சேரி எனப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த வைரமரக் கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, கயிற்றால் வரிந்து, ஒன்றை நட்ட மரத்தோடு அசையாமற் பிணைப்பர். மற்றையதிற் பூட்டிய வடத்தைப் பலர் கூடி இழுப்பர். எக்கட்சியின் கொம்பு முறிகின்றதோ அக்கட்சி தோற்றதாகும். வென்றோர் தோற்றோரை எள்ளிப் பாடுவர். அப்பாடல்களின் வசைமொழி பிற நாட்களிற் சொல்லத் தகாதது. சடங்கின் பெயரால் அன்று அனுமதிக்கப்பட்டது. வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இப்பிரதேசத்து வழக்காறுகளை அறிய விழைவோர்க்கு இன்றும் முதல்நூலாகும்.

பத்தினித் தெய்வத்தை வணங்கும் சிங்கள மக்களிடையே இதே விளையாட்டு ‘அங்கெலிய’ என வழங்கிற்று. கணநாத் ஒபேசேகர 1984 இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் இதனை உளப்பகுப்பாய்வு நோக்கில் விரிவாக விளக்கியுள்ளார். அவ்விளக்கம் நுட்பமானதே. ஆயினும் யார் எக்கட்சியைச் சேர்ந்தவர், அதனை யார் தீர்மானித்தனர் என்ற சமூகவியல் வினாவே நமக்கு முதன்மையானது.

கொம்புமுறியைக் ‘கயிறிழுத்தல்’ என்று சிலர் மொழிவது பொருந்தாது. கயிறிழுத்தலில் ஆள் நகர்கிறான், தோள்வலியே தீர்ப்பு. 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றதும், பாஸ்க் ஊர்களில் ‘சொக்காத்திரா’ என இன்றும் நிகழ்வதும் அத்தகையதே. கொம்புமுறியில் முறிவது மரம். காட்டிற் கொம்பைத் தேர்ந்தவனின் கண்ணும், அதைச் செதுக்கியவனின் கையும், வரிந்து கட்டியவனின் பக்குவமுமே வெற்றியை நிருணயித்தன. இது தொழிலறிவின் போட்டி. அவ்வகையில் இதற்கு நெருக்கமானவை பாஸ்க் மக்களின் கல் தூக்கலும் மரந்தறித்தலுமாகும். வயலிலும் கற்குழியிலும் காட்டிலும் உழைத்தவர் தம் அன்றாட வேலையையே பந்தயமாக்கினர். அவ்வேலைகளை இயந்திரம் கவர்ந்த பின்னரும் பந்தயம் எஞ்சியது. விதிகளும் சம்மேளனங்களும் தோன்றின. 2001 இல் மியெல்ச்சோ சராலேகி என்பவர் 329 கிலோ எடையுள்ள கல்லைத் தோளுக்கு உயர்த்தியது இம்மரபின் உச்சம். பெலோட்டா ஆட்டமும் பல ஊர்களில் தேவாலயச் சுவரிற் பந்தடித்தே வளர்ந்தது. பின்னர் அதற்கெனத் தனிச் சுவர்கள் எழுந்தன. கோயில் வீதியிலிருந்து விளையாட்டு வெளியேறிய வழி அது.

எனினும் நம் ஆய்வுக்கு மிகவும் பயன்படுவது கற்றலோனியாவின் மனிதக் கோபுரமே. இதன் தாயகம் வால்ஸ் என்னும் சிற்றூர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே உழவர் குழு, கைவினைஞர் குழு என இரு குழுக்கள் ஒன்றையொன்று விஞ்சக் கோபுரம் எழுப்பின. ஊர் முழுதும் இரண்டாகப் பிரிந்து நின்றது. வடசேரி, தென்சேரி போன்ற பிரிவே எனலாம். இன்றும் வால்ஸில் இரு குழுக்கள் உள்ளன, போட்டியும் தணியவில்லை. ஆனால் அவற்றின் தன்மை மாறிவிட்டது. அவை இன்று சங்கங்கள், விரும்பியவர் சேரலாம். வேறூரிலிருந்து குடிவந்தவரும் அடித்தளத்திலே தோள்கொடுக்கலாம். 1980களிற் பெண்கள் பெருமளவிற் சேர்ந்தபின் மேல்தட்டுகளின் பாரம் குறைந்து கோபுரங்கள் முன்னிலும் உயர்ந்தன. ஒன்பது, பத்து அடுக்குகள் இயன்றன. 2010 இல் யுனெஸ்கோ இதனை மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. தாராகோனா நகரிலே ஈராண்டுக்கொருமுறை நிகழும் பெரும்போட்டிக்குக் களமாவது முன்னர் காளைப்போர் நிகழ்ந்த அரங்கு என்பதையும் இங்குக் குறிப்பிடலாம்.

நம் கரையில் இம்மாற்றம் நிகழவில்லை. முதலாவதாக, கொம்புமுறி கோயிலை விட்டு வெளியேறவில்லை. மழைக்கும் நோய்க்கும் உரிய பரிகாரமாக அது கருதப்பட்டதால், அவ்வச்சங்கள் தணிந்தபோது அதன் தேவையும் தணிந்தது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் வயலுக்கு நீர் தந்தது. அம்மைப்பால் குத்தல் நோயைத் துரத்தியது. 1980 இல் உலகிலிருந்தே பெரியம்மை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அன்னையிடம் மக்கள் கொண்ட பக்தி குறையவில்லை. குளிர்த்திக்குக் கூடும் கூட்டமே அதற்குச் சான்று. ஆனால் கொம்பை முறித்துத்தான் அவளைக் குளிர்விக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் போய்விட்டது.

இரண்டாவது காரணமே ஆழமானது. சேரி என்பது நம்மிடையே பரம்பரையாக வருவது; தேர்ந்துகொள்வது அன்று. கோயில் உரிமைகள் சாதி, குடி அடிப்படையிலே பகிரப்பட்டிருந்தமையால் விளையாட்டிலும் யார் எங்கு நிற்பது என்பது முன்னரே விதிக்கப்பட்டிருந்தது. பெண்தெய்வத்தின் வெற்றியைக் கொண்டாடிய இவ்விளையாட்டில் வடம் பிடித்தோர் ஆடவரே. தாய்வழியாகக் குடி எண்ணும் சமூகத்தில் இது ஒரு முரண். சமத்துவக் கருத்துக்கள் பரவிய காலத்தில் வால்ஸ் ஊரார் குழுவின் கதவைத் திறந்தனர். நம்மவர் விளையாட்டையே கைவிட்டனர். பழைய பிரிவினையை இழந்ததற்கு வருந்த வேண்டியதில்லை. ஆனால் அதனோடு சேர்த்துக் கொம்பு செதுக்கும் கலையையும் பாடல்களையும் இழந்தது நட்டமே.

முஸ்லிம் ஊர்களின் விளையாட்டுக்கள் வேறு வழியிற் சென்றன. சிலம்பமும் சீனடியும் களிகம்பும் ஆசான் வழியாகக் கற்பிக்கப்படுபவை. கோயிலையோ சேரியையோ சாராமல் திருமண ஊர்வலங்களிலும் விழாக்களிலும் இடம்பெற்றதால் அவை தொடர்ந்தன. தாய்வழிக் குடி முறை தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராருக்கும் பொதுவானதாக உள்ள இக்கரையில், ஒருவர் விளையாட்டை மற்றவர் வேடிக்கை பார்ப்பது இயல்பாகவே இருந்தது. 1985 இலும் 1990 இலும் நிகழ்ந்த வன்செயல்கள் அவ்வியல்பைக் குலைத்தன. வேலிக்கு இப்புறம், அப்புறம் என்பது உயிரச்சமாகிவிட்ட பின், ‘இரு கட்சி’ என்ற சொல்லையே விளையாட்டாகக் கூற எவருக்கு நாவெழும்?

அண்மைக் காலத்தில் விழாக்களை ஒட்டிச் சில இடங்களிற் கொம்புமுறி மீண்டும் நிகழ்த்திக் காட்டப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆனால் காட்சிக்காக இழுக்கும்போது இருபுறமும் நிற்போர் கலைஞர்களே. தோல்வி எவர் வீட்டுக்கும் செல்வதில்லை. மீட்டெடுப்போர் எதிர்கொள்ள வேண்டிய வினா, கொம்பை எம்மரத்திற் செய்வது என்பதன்று. அதற்கு விடை கூறும் முதியோர் இன்னும் சிலர் இருக்கக்கூடும். காரைதீவில் வாழவந்த வெளியூர்ப் பெண்ணொருத்தியும், வடம் பிடிக்க விரும்பும் சாய்ந்தமருது இளைஞனும் எந்தச் சேரியில் நிற்பர்? வைகாசிக்கு முன் ஊர்க்கூட்டத்தில் இவ்வினாவை ஒருவர் எழுப்பினால், முதலிற் சச்சரவு எழும். கொம்புமுறியின் பழைய நாட்களிலும் சச்சரவு அங்கிருந்துதான் தொடங்கிற்று.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கி வரும் சாலையிலே, தேற்றாத்தீவிலே, கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயில் இருக்கின்றது. பேருந்திலே செல்வோர் அச்சந்தியின் பெயரை அன்றாடம் உச்சரிக்கின்றனர்.