பல நெல் ரகங்களுள் மேலானதைப் படிப்படியாய்த் தெரிந்தெடுத்தல்

ஐந்து நெல் ரகங்களுள் தம் நிலத்துக்கு ஏற்றது எதுவென அறிய விரும்புவோர், ஒவ்வொன்றையும் ஒரு பாத்தியில் நட்டு, அதிக மகசூல் கண்டதையே மறு போகத்தில் வயல் முழுவதும் நடுவதுண்டு. இதில் மோசம் போவது எளிது. ஒரே ரகத்தை ஐந்து பாத்திகளில் நட்டாலும் ஐந்தும் சமமாய் விளையா. முன்பு எருக்குவியல் கிடந்த மூலை மற்றவற்றை மிஞ்சும். மேலாய் வந்தது ரகத்தின் குணமா, பாத்தியின் குணமா என்பது ஒரு தடவையில் விளங்காது.

ஆகவே ஒவ்வொரு ரகத்தையும் பல பாத்திகளில் நடுதல் அவசியம். ஆயினும் எல்லாவற்றையும் கடைசிவரை நட்டுக்கொண்டிருப்பது நிலத்துக்கும் கூலிக்கும் நஷ்டமே. போதிய அத்தாட்சி கிடைத்தவுடன் சோதனையை நிறுத்தும் கணித முறையை ஆப்ரஹாம் வால்டு என்பார் 1943-ம் வருஷத்தில் அமெரிக்காவில் வகுத்தார். மஹலனோபிஸ் நடத்திய வங்காளச் சணல் நிலக் கணக்கெடுப்பு இதற்கு முன்னோடி என்று அவரே எழுதியுள்ளார். (இவர் 1950-ல் இந்தியாவில் பிரசங்கங்கள் செய்ய வந்தவிடத்து, நீலகிரியில் விமான விபத்தில் மாண்டது பரிதாபம்.) பின்தங்கிய இனங்களை நடுவிலேயே தள்ளிச் செல்லும் விதியை எட்வர்டு பால்சன் 1964-ல் வெளியிட்டார்.

இவ்விதியின்படி இரண்டு சங்கதிகளை முன்னதாகவே நிச்சயிக்க வேண்டும்: எவ்வளவு வித்தியாசம் நமக்குப் பொருட்டு, எவ்வளவு உறுதி வேண்டும் என்பன. ஏக்கருக்கு 200 கிலோ வித்தியாசமும், 20-ல் 19 தடவை பிழையாமையும் போதும் என்போம். ரகத்துக்கு 5 சென்டுப் பாத்திகள் நான்காக, ஐந்து ரகங்களுக்கு ஓர் ஏக்கர் ஆகும். எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதைச் சீட்டுக் குலுக்கியே தீர்மானிக்க வேண்டும். பாத்திக்குப் பாத்தி இயல்பாய் நேரும் ஏற்றத்தாழ்வு சுமார் 8 கிலோ எனில், முதற் போகத்தின் மொத்த மகசூலில் முதலாவதற்கு 32 கிலோவுக்கு மேல் பின்தங்கிய ரகத்தைத் தள்ளலாம். இரண்டாம் போக முடிவில், இரு போகங்களின் கூட்டுத்தொகையில் 16 கிலோ பின்தங்கினாலே போதும். மூன்றாவதில் எல்லை பூஜ்யமாகி ஒன்றே நிற்கும். ஆரம்பத்தில் பின்தங்குவது தற்செயலாயிருக்கலாம். பல பாத்திகளுக்குப் பின்னும் அப்படியிருப்பின் அது குணமே. எல்லை குறுகுவதன் காரணம் இதுவே.

நடுவே பார்த்து, மனதுக்குப் பிடித்த ரகம் முந்தி நிற்கும் வேளையில் சோதனையை முடிப்பது இம்முறையன்று. அது தன்னைத்தான் ஏமாற்றிக் கொள்வதாகும்.

வெள்ளமோ பூச்சியோ கண்ட போகத்தை வைத்து எதையும் தள்ளலாகாது. கிராம அதிகாரிகள் பாத்திவாரி மகசூலைத் தனித்தனியே நிறுத்துக் குறித்து வைப்பதுடன், தள்ளிய ரகத்திலும் சிறிது விதையைக் காயவைத்துப் பத்திரப்படுத்தச் செய்வார்களாக.