பாவை விரிந்தால்தான் புரை அகலும்

கண்புரை ஆபரேஷனுக்கு உட்கார்ந்திருப்பவரிடம் நர்ஸ் அடிக்கடி வந்து சொட்டு மருந்து விட்டுப் போவார். கண் கூசும், எரியும், பார்வை மங்கும். அறுவை எவ்வளவு பத்திரமாக முடியும் என்பது பெருமளவு அந்தச் சொட்டுகளைப் பொறுத்தது.

புரை விழுந்த லென்ஸ், ஐரிஸ் என்னும் நிறத்திரைக்குப் பின்னால் இருக்கிறது. திரையின் நடுவில் உள்ள பாவைதான் அங்கே போகும் வழி. லென்ஸின் உறையில் சுமார் 5 மி.மீ. அகலத்துக்கு வட்டமாகத் திறந்து, உள்ளே இருக்கும் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். பாவை சிறுத்திருந்தால் டாக்டருக்குக் கருவியின் நுனி சரியாகத் தெரியாது. உறையின் பின்பக்கம் கிழிந்துவிடும் ஆபத்து கூடும்.

பாவையைச் சுற்றி வளையமாக ஒரு தசை அதைச் சுருக்குகிறது. குடைக் கம்பிகள்போல் அமைந்த இன்னொரு தசை விரிக்கிறது. சொட்டில் உள்ள டிராபிகமைட் என்னும் மருந்து முதல் தசையைத் தளர்த்தும்; ஃபீனைலெஃப்ரின் இரண்டாவதை இழுக்க வைக்கும். இரண்டும் கலந்த சொட்டு நம் நாட்டில் பரவலாகப் புழங்குகிறது. ஃபீனைலெஃப்ரின் இரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடும் என்பதால் இதய நோயாளிகளுக்கு அளவாகவே தருவார்கள்.

கருவி பட்டதும் கண்ணில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள், விரிந்த பாவையை மறுபடி சுருக்கப் பார்க்கும். அதைத் தடுக்கவே கீட்டோரொலாக் போன்ற வலி, அழற்சி மருந்துகளையும் முன்கூட்டியே சொட்டாக விடுகிறார்கள். அறுவையின்போதே கண்ணுக்குள் மருந்து செலுத்துவதும் உண்டு.

நீண்டகாலச் சர்க்கரை நோய், பழைய கண் அழற்சி போன்றவை இருந்தால் சொட்டுக்குப் பாவை சரியாக இணங்காது. அப்போது ஐரிஸை நுண்கொக்கிகளால் நாலு பக்கமும் இழுத்துப் பிடிப்பார்கள். அல்லது வளையம் பொருத்துவார்கள். ரஷ்ய மருத்துவர் போரிஸ் மல்யூகின் வடிவமைத்த வளையம் உலகெங்கும் பயன்படுகிறது. கொல்கத்தாவின் டாக்டர் சுவென் பட்டாச்சார்ஜி அறுகோண வளையம் ஒன்றை உருவாக்கியிருக்கிறார். நாம் பெருமைப்பட வேண்டிய வேலை அது.

எல்லாவற்றிலும் முக்கியமான செய்தி 2005-இல் வந்தது. புரோஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசின் மாத்திரையைச் சாப்பிடுவோருக்கு அறுவையின் நடுவே ஐரிஸ் தொளதொளத்து, பாவை சுருங்குவதை அமெரிக்க மருத்துவர்கள் டேவிட் சாங்கும் ஜான் கேம்ப்பெல்லும் கண்டறிந்தார்கள். புரோஸ்டேட்டில் அந்த மாத்திரை தடுக்கும் அதே வகை ஏற்பி, பாவையை விரிக்கும் தசையிலும் இருக்கிறது. சில நாள் நிறுத்திவிட்டு வந்தாலும் விளைவு போய்விடும் என்று நம்ப முடியாது. முன்னரே தெரிந்தால் டாக்டர் மருந்தோடும் வளையத்தோடும் தயாராக இருப்பார்.

ஆகவே, சிறுநீர்ப் பிரச்சினைக்கு இப்போது மாத்திரை எடுத்தாலும், எப்போதோ எடுத்திருந்தாலும், கூச்சப்படாமல் கண் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.